எடுக்காத கால்

பிரேக் மிதி கல்லு மாதிரி இருக்கணும். பஞ்சு மாதிரி இருந்தால் மலை இறங்கக் கூடாது. இறங்கினால் வண்டியும் வராது, ஆளும் வரமாட்டான்.

கல்லாற்றுக்குப் பக்கத்தில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்த பத்ரப்ப மேஸ்திரியின் பட்டறையில் இதற்கு மேல் பாடம் கிடையாது. சென்னியப்பனுக்கு இது பத்தொன்பது வருஷமாகத் தெரியும். மேஸ்திரிக்கு அடுத்தது தான்தான் என்பதும் தெரியும். ஊருக்கும் தெரியும். மேஸ்திரிக்குத்தான் தெரியவில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை முடிந்தால், வேலை பார்த்த இரண்டு பேரும் அந்த வண்டியில் ஏற வேண்டும். மேலே உட்கார்ந்து மிதித்த ஆள் ஒன்று, கீழே சக்கரத்தடியில் கிடந்த ஆள் ஒன்று. இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வரை ஏற்றிப் போய் இறக்க வேண்டும். ஒருத்தரை மட்டும் மேஸ்திரி அனுப்ப மாட்டார். திரும்பி வந்த பிறகு ஒரு கடைசி மிதி, அப்புறம் முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. அவ்வளவுதான். அந்தக் கோடு இருந்தால் ஊட்டி வரை தூங்கிக்கொண்டே போகலாம் என்பார்கள் டாக்ஸிக்காரர்கள். தூங்குவது சவாரிக்காரர்கள்தான். ஆனாலும் பேச்சு அப்படி.

முப்பது வருஷமாக அந்தக் கோட்டை மேஸ்திரி ஒருவர்தான் போட்டார். போன ஆடியில் அவருடைய வலது முட்டி போயிற்று. மிதியை அமுக்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்ற காலு பொய் சொல்லுது. பொய் சொல்ற காலை வெச்சுக்கிட்டு நான் கோடு போட்டா ஆகாது" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் கை கழுவும்போது மடியிலிருந்து சாக்பீஸை எடுத்தார். சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

"இந்தா கண்ணு, நீ வெச்சுக்க" என்று சபீனாவிடம் கொடுத்துவிட்டு மேஸ்திரி பஸ் ஏறப் போய்விட்டார்.

முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுக்க சென்னியப்பனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சபீனா பட்டறைக்கு வந்து இரண்டு வருஷம். அதற்கு முன்னால் எஸ்டேட் வேன் ஓட்டினாள். ஒரு மழை நாளில் மிதி இறங்கிப்போய், வேனை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறாள். வேனுக்குள் இருந்த பன்னிரண்டு பேருக்கும் கீறல்கூட இல்லை. மறுநாள் வேன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றாள். "அந்த மிதி ஏன் இறங்குச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். மேஸ்திரி வேறெதுவும் கேட்கவில்லை. ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்.

சென்னியப்பனுக்கு நாற்பத்து நாலு வயது. அவனை மேஸ்திரி "ஏப்பா" என்பார். கோபம் வந்தால் அதுவும் கிடையாது. அவளை "கண்ணு" என்பார். இந்தப் பக்கத்தில் ஆட்டுக்குட்டியைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் எண்ணிக்கொண்டிருந்தான். போன வாரம் மட்டும் இருபத்தாறு தடவை. இவனுக்குப் பத்தொன்பது வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

காலையில் முதல் ஆளாக வந்துவிட்டான். மேஸ்திரி கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கோணுங்."

"கேளு."

"நான் பத்தொம்பது வருசம். அவ ரெண்டு வருசம். என்றகிட்ட என்னங் கொறை?"

மேஸ்திரி ஒரு கடலையை வாயில் போட்டார். அதை மென்று முடித்தார்.

"வண்டி வருது. அதைப் பாரு."

"பதில் சொல்லலீங்களே."

"வண்டி வருதுன்னு சொன்னேன்ல."

வந்தது குன்னூர் ஜோகியின் வெள்ளை டாக்ஸி. வாசலில் கை பிரேக்கை இழுத்து நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, நேராக சென்னியப்பனிடமே கேட்டார்.

"அந்தப் புள்ளை வந்தாச்சா?"

"ஏன், நான் ஆளாத் தெரியலையா?"

"உன்னை யாருப்பா இல்லைன்னா. கடைசி வளைவுல இருந்து மிதி மெத்துமெத்துன்னு இறங்குது. கால்ல கண்டுபிடிக்கற ஆளு வேணும்."

"என்ற காலு மட்டும் கட்டைக் காலுங்ளா?"

ஜோகி சிரித்தார். சிரித்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

"பதினோரு மணிக்குக் கீழ ரயிலடியில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. மாப்பிள்ளை என் வண்டியிலதான் மேல வர்றார். பாத்துச் செய்யுங்க" என்றார்.

சபீனா வந்தாள். டிபன் பையை ஆணியில் மாட்டினாள். செருப்பைக் கழற்றினாள். அந்தப் பட்டறையில் செருப்புக் காலோடு யாரும் மிதியைத் தொடக் கூடாது. வெறுங்காலுக்குத்தான் தெரியும் என்பது மேஸ்திரி கணக்கு.

ஆனால் அவளுக்கு முன்னால் சென்னியப்பன் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஒரே மிதி. பாதி வழி போய்விட்டது.

"மேல இருக்கற மாஸ்டர் சிலிண்டர் போச்சு. மாத்தோணும்" என்றான்.

"நாலு தடவை அடிச்சுப் பாருங்கண்ணா" என்றாள் சபீனா.

அடித்தான். நாலாவது அடியில் மிதி மேலே வந்து இறுகியது.

"இப்ப அப்படியே அமுக்கிப் புடிங்க. தானா கீழ போகுதா?"

போகவில்லை. நின்றது.

"மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தா, புடிக்கப் புடிக்க அமுங்கும்ல? இது அடிச்சா எந்திரிக்குது. உள்ள காத்து இருக்குதுண்ணா. ஆயில் எங்கியோ கசிஞ்சு, காத்து உள்ள வந்திருக்குது."

அவள் சொன்னது சரி. முதல் வருஷத்திலேயே அவன் படித்த பாடம் அது. இன்றைக்கு அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது. மேஸ்திரி பார்த்தாரா என்று திரும்பினான். மேஸ்திரி கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

சபீனா குனிந்து நாலு சக்கரத்தையும் உள்பக்கமாக விரலால் தடவினாள். பின்னால் இடது சக்கரத்தில் விரல் ஈரமானது. முகர்ந்து பார்த்தாள். பிரேக் ஆயில். டிரம்மைக் கழற்றினால், வீல் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் கப் ஓரம் கிழிந்திருந்தது. புதுசு போட்டு, துடைத்து, மாட்டினாள். முக்கால் மணி நேரம்.

இனி ஏர் எடுக்க வேண்டியதுதான். குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியே தள்ளும் வேலை. இது ஒருத்தர் வேலை இல்லை. மேலே ஒருத்தர் மிதியை அமுக்கிக்கொண்டு "புடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் நிப்பிளை, அந்தச் சின்னத் திருகை, ஸ்பேனரால் திறப்பார். ஆயிலும் காற்றும் கலந்து துப்பும். நிப்பிளை இறுக்கிவிட்டு "மூடியாச்சு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். நிப்பிள் திறந்திருக்கும்போது ஒரு நூல் காலைத் தூக்கினாலும், வெளியே போன காற்று அதே வழியாக உள்ளே வந்துவிடும். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. நடுவில் அந்த ஒரு சொல்தான்.

சென்னியப்பன் மேலே. சபீனா கீழே, பின் சக்கரத்தடியில்.

"புடிச்சேன்."

"மூடியாச்சு."

"விட்டேன்."

இப்படி ஏழெட்டுத் தடவை நன்றாகத்தான் போனது. அப்புறம் மேஸ்திரி எழுந்து, நொண்டிக்கொண்டே சக்கரத்தடிக்கு வந்தார். ஓரக் கண்ணாடியில் சென்னியப்பன் பார்த்தான். அவள் தலைமாட்டில் ஒரு பிடி உரித்த கடலையை வைத்தார்.

"மெதுவாச் செய் கண்ணு" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் சென்னியப்பனின் குதிகால் தானாக எழும்பியது. அதற்கப்புறம்தான் கீழேயிருந்து "மூடியாச்சு" வந்தது. நடுவில் அரை மூச்சு இடைவெளி. காற்று உள்ளே போனது காலுக்குத் தெரிந்தது.

ஒரு வார்த்தை போதும். "கால் எடுத்துட்டேன் புள்ள, இன்னொருக்கா" என்றால் முடிந்தது. எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த "புடிச்சேன்"தான் வந்தது.

முதல் தடவை தெரியாமல் நடந்தது. இரண்டாவது தடவை அப்படி இல்லை.

மூன்றாவது தடவை அவன் யோசிக்கக்கூட இல்லை. கால் பழகிவிட்டது.

"அண்ணா, இன்னும் நுரையா வருது" என்றாள் கீழேயிருந்து.

"வரும், வரும்."

நாலு சக்கரமும் முடித்து அவள் எழுந்து வந்து மிதித்துப் பார்த்தாள். பஞ்சு. வந்தபோது இருந்ததைவிட மோசம்.

"எங்க கோட்டை விட்டேன்னு தெரியலையே" என்றாள். முகம் சிறுத்துப் போயிற்று.

"கை பழகோணும் புள்ள. இது வேன் ஓட்டற மாதிரி இல்ல."

சொன்னதும் வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம்.

மறுபடியும் முதல் சக்கரத்திலிருந்து. ஆயில் டப்பா ஒன்று காலியாகி இரண்டாவது பாதிக்கு வந்தது. மறுபடியும் பஞ்சு. ஜோகி மணி பார்த்தார். ஒன்பதே முக்கால். சபீனா சக்கரத்தடியிலேயே உட்கார்ந்து, புது கப்பைத் தானே சரியாகப் போடவில்லையோ என்று டிரம்மை மறுபடி கழற்றப் போனாள்.

இதுதான் நேரம் என்று பட்டது சென்னியப்பனுக்கு. இறங்கி மேஸ்திரியிடம் போனான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"கோடு போடற கை இதுதானுங்ளா?"

மேஸ்திரி மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டார்.

"டிரம்மைக் கழட்டாதே. அது நல்லாத்தான் இருக்குது" என்றார் சபீனாவிடம். அப்புறம் இவனிடம், "ஆளை மாத்து. அவ மேல ஏறட்டும். நீ கீழ போ."

"கேட்டதுக்குப் பதிலுங்..."

"கீழ போன்னு சொன்னேன்."

சென்னியப்பன் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு பின் சக்கரத்தடியில் மல்லாந்தான். அவளுடைய முழங்கை படிந்த சாக்கு இன்னும் சூடாக இருந்தது. கடலை அப்படியே இருந்தது. ஒன்றுகூட அவள் தின்னவில்லை.

"புடிச்சேண்ணா."

திறந்தான். நுரை துப்பியது. மூடினான். "மூடியாச்சு." "விட்டேண்ணா." திறந்தான், மூடினான். அஞ்சாவது தடவை நுரை குறைந்தது. எட்டாவது தடவை ஆயில் சுத்தமாக, தேன் மாதிரி இழையாக வந்தது. அவ்வளவு சீக்கிரம். அவள் கால் ஒருமுறைகூட முந்தவில்லை.

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒன்பதாவது தடவை திறந்தான். ஆயில் வழிந்து நின்றது. மூடவில்லை. "மூடியாச்சு" என்று சொல்லவும் இல்லை.

எவ்வளவு நேரம் பிடிப்பாள்? பார்த்துவிடலாம் என்று கிடந்தான்.

நிப்பிளின் வாயில் ஒரு சொட்டு தொங்கியது. அவள் காலை ஒரு நூல் எடுத்தாலும் அந்தச் சொட்டு உள்ளே போய்விடும். சென்னியப்பன் அதையே பார்த்தான். போ, என்றான் மனசுக்குள். உள்ளே போ.

இருபது எண்ணினான். நாற்பது. அவள் குள்ளம். மிதியைத் தரை வரை அமுக்க சீட்டு நுனிக்கு வந்து காலை முழுசாக நீட்ட வேண்டும். அது அவனுக்குத் தெரியும். எண்பது. வண்டி லேசாக அதிர்ந்தது. அவள் கெண்டைக்கால் நடுங்குகிற அதிர்வு. சொட்டும் நடுங்கியது. உள்ளே போகவில்லை.

"அண்ணா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அவன் பதில் சொல்லவில்லை.

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. காலையும் எடுக்கவில்லை.

நூற்றி நாற்பது. சொட்டு அங்கேயே நின்றது. அதில் சக்கரமும் வெளிச்சமும் கூரைத் தகரமும் குட்டியாகத் தலைகீழாகத் தெரிந்தன. அவன் மூஞ்சியும் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஸ்பேனரைத் திருப்பினான்.

"மூடியாச்சு" என்றான்.

"விட்டேண்ணா."

மீதி மூன்று சக்கரமும் கால் மணி நேரத்தில் முடிந்தது. ஜோகியே ஏறி மிதித்துப் பார்த்தார். மிதி ஓரங்குலம் போய் நின்றது. கல்லு.

"பாத்தீங்களா. சென்னியப்பன் கை பட்டதும் கல்லாயிருச்சு" என்றார். "நான்தான் காலைல வாய விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதேப்பா."

சபீனா இறங்கினாள். வலது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்கதான் போடணும். என் கைல ரெண்டு தடவை நிக்கல. உங்க கைலதான் நின்னுச்சு."

சென்னியப்பன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி ஒரு கடலையை எடுத்து, காதுப் பக்கம் ஆட்டிப் பார்த்து, சொத்தை என்று தூர எறிந்தார்.

வாங்கிக்கொண்டான். பத்தொன்பது வருஷமாகக் கேட்ட பொருள். சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

வழக்கப்படி இருவரும் ஏறினார்கள். சபீனா ஓட்டினாள். பாக்குத் தோப்பு தாண்டி, முதல் வளைவு, இரண்டாவது வளைவு. திருப்பினாள். இறக்கம். வளைவுக்கு வளைவு அவள் மிதிக்க, வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

"அண்ணா, பின் சக்கரத்துல ரொம்ப நேரம் திறந்தே வெச்சிருந்தீங்களே. நிப்பிள் மரை சிக்கிக்கிச்சா?"

அவன் வெளியே பார்த்தான். "ம்."

"கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. அல்லாவேன்னு உக்காந்திருந்தேன்."

"எடுத்திருக்கலாமே."

"நீங்க சொல்லலையே" என்றாள். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். கியரை மாற்றினாள்.

பள்ளத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சென்னியப்பன். காலையில் ஏர் எடுத்த முதல் இரண்டு தடவையில் ஒன்றைச் சரி என்று நம்பி இவள் வண்டியை எடுத்து வந்திருந்தால், இந்த வளைவில் இவள் காலுக்கு அடியில் இருந்திருப்பது அவன் விட்ட காற்று. கையை விரித்தான். வேர்வையில் சாக்பீஸ் கூழாகியிருந்தது.

பட்டறையில் இறங்கியதும் அதை அவள் கையில் வைத்தான்.

"நீயே போடு."

"நீங்கதானேண்ணா..."

"போடுன்னா போடு புள்ள."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் குனிந்து கோடு போட்டாள். ஜோகி மாப்பிள்ளையைக் கூட்டப் போய்விட்டார்.

சென்னியப்பன் போய் மேஸ்திரி முன்னால் நின்றான். மேஸ்திரி கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கையில தப்பில்லீங்" என்றான். "என்ற காலுதான் முந்துச்சு. வேணும்னேதான் எடுத்தேன்."

"ம்."

"உங்களுக்குத் தெரியுங்ளா?"

"தெரியும்."

"எப்பங்?"

"நீ மூணாவது தடவை காலை எடுத்தப்ப. அவ 'மூடியாச்சு'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே மிதி மேல வந்து இடிச்சுது. சத்தம் கேட்டுச்சு."

சென்னியப்பன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்பவே எல்லார் முன்னாடியும் என்னை இறக்கி விட்டிருக்கலாம். வெளிய போடான்னு இருக்கலாம். ரெண்டு டப்பா ஆயிலு, ரெண்டு மணி நேரம். ஏனுங் பேசாம இருந்தீங்?"

மேஸ்திரி முட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"நீ மூடியாச்சுன்னு சொல்லாம, நான் எப்படிக் காலை எடுக்கறது?"